லினக்ஸில் மிரர் டிஸ்க்: போனில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சின்ன அலுவலகங்களுக்கும் ஸ்டூடியோக்களுக்கும் லினக்ஸ் சர்வர் அமைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. அமைத்துக் கொடுத்த பிறகு வருகிற போன்களில் பாதி இந்த மிரர் டிஸ்க் பற்றித்தான். திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்தது இது.

போனில் சொல்வது போலவே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுவேன். இங்கே நாயகன், மிரரை அமைத்துப் பார்த்துக்கொள்ளும் எம்டிஏடிஎம் என்ற நிரல். பணம் எடுக்கும் ஏடிஎம் இல்லை. இதில் வரும் இரண்டு ‘டி’யும் டெல்லிக்கு வரும் டி. எல்லாவற்றையும் ரூட் என்ற நிர்வாகிக் கணக்கில் இருந்து, அல்லது முன்னால் சூடோ சேர்த்துத் தட்டுங்கள்.

மிரர் என்றால் சரியாக என்ன?

ஒரே தரவை ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்கிலும் எழுதுவது. மேலே இருந்து கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஃபைல் சிஸ்டத்துக்கு /டெவ்/எம்டி0 என்று ஒரே டிஸ்க்தான் தெரியும். அடியில் இரண்டு இருப்பது அதற்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஒன்று செத்தால் மற்றது வேலையை நிறுத்தாமல் ஓட்டும்.

இப்படிப் பல டிஸ்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறைகளுக்குப் பொதுப் பெயர் ரெய்டு, ஆங்கிலத்தில் ஆர் ஏ ஐ டி. அந்தப் பெயரைப் பரப்பியது 1988-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை. அதில் முதல் நிலை மிரர். கீழே வரும் கட்டளையில் லெவல்=1 என்று போடுவது அதனால்தான். மிரர் செய்யும் வழக்கம் அதற்கும் முந்தியது. அந்தக் கட்டுரையே அதைப் பழைய முறை என்றுதான் பேசுகிறது. பெயரில் உள்ள ‘ஐ’க்கு அவர்கள் வைத்த பொருள் ‘விலை மலிவான’ என்பது. டிஸ்க் விற்பவர்களுக்கு அது ரசிக்கவில்லை போலும், பிற்பாடு ‘தனித்தனியான’ என்று ஆகிவிட்டது.

மிரர் போட்டாச்சு. இனி பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். ஒரு போட்டோ ஸ்டூடியோவில் புதிதாகச் சேர்ந்த பையன் இடம் காலி செய்கிறேன் என்று ஒரு கல்யாண ஃபோல்டரை அழித்துவிட்டான். “மிரர் இருக்கே சார், இன்னொரு டிஸ்கிலிருந்து எடுத்துக் கொடுங்க” என்று போன். இன்னொரு டிஸ்கும் அதே விநாடியில் சொன்ன பேச்சைக் கேட்டு அழித்திருந்தது. மிரர் காப்பாற்றுவது டிஸ்க் சாவிலிருந்து மட்டும். கை தவறி அழிப்பது, வைரஸ், திருட்டு, தண்ணீர் புகுவது எதற்கும் அது மருந்து இல்லை.

எம்டிஏடிஎம், இசட்எஃப்எஸ், மதர்போர்டில் வரும் ரெய்டு, தனி ரெய்டு கார்டு: எதை எடுக்கலாம்?

மதர்போர்டு ரெய்டை விட்டுவிடுங்கள். பெரும்பாலும் அதுவும் மென்பொருள்தான். பயாஸில் ஒரு மெனு கூடுதல், அவ்வளவே. தனி கார்டு நல்லதுதான். ஆனால் கார்டு போனால் அதே இனத்துக் கார்டைத் தேடி அலைய வேண்டும்.

எம்டிஏடிஎம்மில் அமைத்த டிஸ்குகளைக் கழற்றி வேறு எந்த லினக்ஸ் இயந்திரத்தில் மாட்டினாலும் ‘எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன்’ என்ற ஒரே வரியில் எழுந்து நிற்கும். சின்ன இடங்களுக்கு என் தேர்வு இது.

இசட்எஃப்எஸ் வேறு சாதி, மிரரையும் தானே செய்துகொள்ளும் ஃபைல் சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் ஓப்பன்சோலாரிஸ் வழியாக வெளியிட்டது. ஒவ்வொரு பிளாக்குக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால், இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியும். கெட்டதை நல்லதால் சரி செய்தும்விடும். எம்டிஏடிஎம்முக்கு அந்த அறிவு இல்லை. பத்து வருடம் தொடாமல் கிடக்கப்போகும் படங்களுக்கு இசட்எஃப்எஸ்தான் மேல். உரிமச் சிக்கலால் அது லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்து வருவதில்லை, தனியாகப் போட வேண்டும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்திலும் மிரர் உண்டு, செக்சமும் உண்டு. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஒரு டிஸ்க் போன நிலையில், டிகிரேடட் என்ற விருப்பத்தைக் கொடுக்காமல் அது மவுன்ட் ஆக, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்க, மறுக்கும். ராத்திரி ரீபூட் ஆனால் காலையில் சர்வர் எழுந்திருக்காது.

கீழே உள்ளதெல்லாம் எம்டிஏடிஎம்முக்கு.

இரண்டு டிஸ்கும் ஒரே மாடலாக இருக்க வேண்டுமா?

கொள்ளளவு ஒன்றாக இருந்தால் போதும். வேறு வேறு என்றால் சின்னதன் அளவுதான் கிடைக்கும். நான் வேண்டுமென்றே வேறு வேறு கம்பெனியில், முடியாவிட்டால் வேறு வேறு கடையிலாவது வாங்குவேன். ஒரே பெட்டியில் வந்த இரண்டு டிஸ்குக்குப் பிறந்த நாளும் ஒன்று, வேலைப் பளுவும் ஒன்று. குறை இருந்தால் அதுவும் ஒன்றாகவே இருக்கும்.

இன்னொன்று. 4 டிபி என்று எழுதியிருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி சில எம்பி கூடக் குறைய இருக்கலாம். முழு டிஸ்கையும் பயன்படுத்தாமல், கடைசியில் ஒரு 100 எம்பி காலி விட்டுப் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்து வைக்கும் பகுதி) போடுங்கள். மூன்று வருடம் கழித்து மாற்று டிஸ்க் ஒரு துளி சின்னதாக வந்து, சேர்க்க முடியாது என்று எம்டிஏடிஎம் சொல்லும்போது இந்த 100 எம்பியின் அருமை தெரியும்.

வாங்கும்போது எஸ்எம்ஆர் வகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தடங்களை ஓட்டு வேய்வது போல ஒன்றன் மேல் ஒன்று படியும்படி எழுதும் வகை அது. தொடர்ந்து எழுத எழுத வேகம் படுத்துவிடும். மிரருக்கு, தடங்கள் ஒன்றன் மேல் ஒன்று படியாத சிஎம்ஆர் வகைதான் சரி.

கட்டளைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, இந்தப் பக்கத்திலேயே முக்கியமான வேலை இதுதான். ஸ்டிக்கர் ஒட்டுவது.

எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்,சீரியல்

இதைத் தட்டினால் ஒவ்வொரு டிஸ்கின் வரிசை எண்ணும் வரும். அதன் கடைசி நான்கு எழுத்துகளைச் சின்ன ஸ்டிக்கரில் எழுதி, டிஸ்கின் மேல்புறத்தில் அல்ல, கேபிள் சொருகும் விளிம்பில் ஒட்டுங்கள். கேபினெட்டில் மாட்டிய பிறகு கண்ணுக்குத் தெரிவது அந்த விளிம்பு மட்டும்தான். அதே நான்கு எழுத்துகளைக் கேபினெட் கதவின் உள்பக்கம் மேல், கீழ் என்று குறித்து வையுங்கள்.

எதற்கு இவ்வளவு? லினக்ஸ் டிஸ்குகளுக்கு வைக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் நிரந்தரம் இல்லை. ஒரு யுஎஸ்பி பென்டிரைவ் மாட்டி ரீபூட் செய்தால் நேற்றைய எஸ்டிபி இன்று எஸ்டிசி ஆகலாம். எனக்கு அனுபவம் உண்டு. ஆரம்ப காலத்தில் ஒரு அலுவலகத்தில் ஒரு டிஸ்க் போய்விட்டது. எஸ்டிபி மேலேதான் இருக்கும் என்ற நினைப்பில், ஓடிக்கொண்டிருக்கும்போதே மேலே இருந்ததன் கேபிளை உருவினேன். உருவியது உயிரோடு இருந்த டிஸ்க். அக்கவுன்ட்ஸ் அறையிலிருந்து ஒரே நேரத்தில் நான்கு பேர் எழுந்து வந்தது இன்னும் நினைவிருக்கிறது. தரவு பிழைத்தது, என் மானம் பிழைக்கவில்லை. ஸ்டிக்கர் பழக்கம் அன்றைக்கு வந்ததுதான்.

சரி, மிரர் அமைப்பது எப்படி?

இரண்டும் காலி டிஸ்க் என்று வைத்துக்கொள்வோம், எஸ்டிபியும் எஸ்டிசியும். பார்ட்டட் என்ற நிரல் கொண்டு இரண்டிலும் ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை போட்டு, ஆளுக்கு ஒரு பார்ட்டிஷன் (எஸ்டிபி1, எஸ்டிசி1) உருவாக்குங்கள். அப்புறம்:

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 --பிட்மேப்=இன்டர்னல் /டெவ்/எஸ்டிபி1 /டெவ்/எஸ்டிசி1

பூட் செய்ய இது ஒத்துவராமல் போகலாம் என்று எச்சரித்து, தொடரட்டுமா என்று கேட்கும். தரவு டிஸ்க்தானே, ‘ஒய்’ அழுத்துங்கள். ஆனால் அதற்கு முன் பெயரையும் வரிசை எண்ணையும் இன்னொரு முறை பாருங்கள். அழுத்திய பிறகு பழைய தரவுக்கு யாரும் பொறுப்பில்லை.

பிட்மேப் என்பது எந்தப் பகுதியில் எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளும் குறிப்பு. கரன்ட் போய் வந்தால் முழு டிஸ்கையும் ஒப்பிட்டுச் சரி செய்ய வேண்டியதில்லை, குறித்த பகுதிகளை மட்டும் பார்த்தால் போதும். பெரிய டிஸ்குகளுக்கு எம்டிஏடிஎம் தானாகவே சேர்க்கும் என்றாலும் நான் எழுதியே கொடுப்பேன். மறந்தால் பின்னாலும் --குரோ --பிட்மேப்=இன்டர்னல் என்று சேர்க்கலாம்.

அடுத்து ஃபைல் சிஸ்டம் போட எம்கேஎஃப்எஸ்.இஎக்ஸ்டி4 /டெவ்/எம்டி0. எம்டி0 மேல் போட வேண்டும், எஸ்டிபி1 மேல் அல்ல. கேட்கச் சிரிப்பாக இருக்கும். அவசரத்தில் செய்தவர்கள் இருக்கிறார்கள். மவுன்ட் செய்து, பூட் ஆகும்போது எதையெல்லாம் மவுன்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், மாறாத அடையாள எண்ணான யுயுஐடி கொண்டு எழுதிவிடுங்கள். கூடவே நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்த்தால், மிரர் எழாத நாளிலும் சர்வர் எழுந்து உங்களை உள்ளே விடும்.

உருவாக்கியதும் என்னமோ ஓடிக்கொண்டே இருக்கிறது. முடியும்வரை காத்திருக்கணுமா?

வேண்டாம், பயன்படுத்த ஆரம்பிக்கலாம். முதல் டிஸ்கை இரண்டாவதில் பிரதி எடுக்கும் வேலை அது. ‘கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்’ என்று பார்த்தால் எத்தனை சதவீதம், இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டும். 4 டிபி டிஸ்க், விநாடிக்கு 150 எம்பி வேகம் என்றால் சுமார் ஏழரை மணி நேரம். காலி டிஸ்க்தானே என்று கேட்காதீர்கள். கெர்னலில் மிரரை ஓட்டும் எம்டி அடுக்குக்குக் காலி, நிறைவு என்ற பேதமே கிடையாது, கடைசி பிளாக் வரை பிரதி எடுக்கும்.

வேகத்துக்குக் கெர்னலில் இரண்டு எல்லைகள் உண்டு: டெவ்.ரெய்ட் என்பதன் கீழ் ஸ்பீட்_லிமிட்_மின், ஸ்பீட்_லிமிட்_மேக்ஸ். இயல்பில் விநாடிக்கு 1000 கேபி, 2,00,000 கேபி. மற்றவர்கள் டிஸ்கைப் பயன்படுத்தும்போது கீழ் எல்லையை நோக்கி இறங்கிவிடும். இரவில் ஆள் இல்லாதபோது கீழ் எல்லையை சிஸ்சிடிஎல் மூலம் 50,000 ஆக்கிவிட்டுத் தூங்கப் போவேன்.

ரீபூட் செய்தால் எம்டி0 காணோம், எம்டி127 என்று ஒன்று நிற்கிறது. பேயா?

பேய் இல்லை, மறதி. உருவாக்கிய மிரரின் விவரத்தை அமைப்புக் கோப்பில் எழுதவில்லை. ‘எம்டிஏடிஎம் --டீட்டெயில் --ஸ்கேன்’ தரும் வரியை டெபியன், உபுன்டுவில் /இடிசி/எம்டிஏடிஎம்/எம்டிஏடிஎம்.கான்ஃப் கோப்பின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். ரெட்ஹேட் குடும்பத்தில் நேராக /இடிசி/எம்டிஏடிஎம்.கான்ஃப். பிறகு ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’. ரெட்ஹேட்டில் ‘டிராகட் -எஃப்’. இந்த இரண்டாவது படியைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். பூட் ஆகும்போது முதலில் படிக்கப்படுவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் பொதிக்குள் இருக்கும் பிரதி, நீங்கள் திருத்தியது அல்ல. தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எஃப்எஸ்டேபில் யுயுஐடி எழுதியிருந்தால் பெயர் மாறியதே தெரியாது.

ஏற்கெனவே ஒரு டிஸ்கில் தரவு நிறைய இருக்கிறது. அதை அழிக்காமல் மிரராக்க முடியுமா?

முடியும். புது டிஸ்கை மட்டும் வைத்து, இரண்டாவது இடத்தில் ‘மிஸ்ஸிங்’ என்ற சொல்லைப் போட்டு மிரரை உருவாக்குங்கள்:

எம்டிஏடிஎம் --கிரியேட் /டெவ்/எம்டி0 --லெவல்=1 --ரெய்ட்-டிவைசஸ்=2 /டெவ்/எஸ்டிசி1 மிஸ்ஸிங்

ஒற்றைக் காலில் நிற்கும் மிரர் இது. அதில் ஃபைல் சிஸ்டம் போட்டு, பழைய டிஸ்கிலிருந்து ஆர்சிங்க் என்ற நிரலால் பிரதி எடுத்து, எல்லாம் வந்ததா என்று பார்த்த பிறகு, பழைய டிஸ்கைப் புதிதாகப் பார்ட்டிஷன் செய்து --ஆட் மூலம் சேர்த்தால் மீதி தானாக நடக்கும்.

கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பழைய டிஸ்கை அழித்த நொடியிலிருந்து பிரதி முடியும்வரை உங்கள் தரவு ஒரே டிஸ்கில்தான் இருக்கிறது, அதுவும் நேற்று வாங்கிய டிஸ்கில். அதனால் புது டிஸ்கை முதல் நாளே ‘ஸ்மார்ட்சிடிஎல் -டி லாங்’ என்று நீண்ட சோதனைக்கு விட்டுவிடுங்கள். இங்கே ‘டி’ டெஸ்டுக்கு வரும் டி. வெளியே ஒரு பேக்கப்பும் இருக்கட்டும்.

பூட் டிஸ்கையே மிரர் செய்யலாமா?

செய்யலாம், கொஞ்சம் கூடுதல் வேலை. பழைய பயாஸ் என்றால் பூட் நிரலைப் பதிக்கும் கிரப்-இன்ஸ்டாலை இரண்டு டிஸ்கிலும் ஓட்ட வேண்டும். பயாஸுக்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ என்றால் இஎஸ்பி எனப்படும் சின்ன பூட் பார்ட்டிஷன் இருக்கும். மதர்போர்டுக்குள் இருக்கும் ஃபர்ம்வேருக்கு எம்டி என்றால் என்னவென்றே தெரியாது. எம்டிஏடிஎம்மின் அடையாளத் தகவல் இயல்பான 1.2 வடிவத்தில் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி உட்காரும், ஃபர்ம்வேர் குழம்பிவிடும். --மெட்டாடேட்டா=1.0 என்று கொடுத்தால் அது கடைசிக்குப் போய்விடும், முன்பக்கம் சாதாரண ஃபேட் பார்ட்டிஷன் போலவே தெரியும். நான் அந்த வித்தையெல்லாம் செய்வதில்லை. இரண்டு டிஸ்கிலும் தனித்தனி இஎஸ்பி வைத்து, கெர்னல் மாறும்போது ஒன்றை மற்றதில் பிரதி எடுக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட். பழைய ஆள், பழைய வழி.

ஒரு டிஸ்க் செத்தால் எனக்கு எப்படித் தெரியும்?

தெரியவே தெரியாது. அதுதான் மிரரின் வில்லங்கம். எல்லாம் வழக்கம்போல ஓடும், யாருக்கும் ஒரு குறையும் இருக்காது. இரண்டாவது டிஸ்கும் போகிற அன்றைக்குத்தான் ஊர் கூடும்.

எம்டிஸ்டாட்டைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் இரண்டு ‘யூ’ பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று போனால் அந்த இடத்தில் அடிக்கோடு வரும்: யூ, பக்கத்தில் ஒரு கோடு. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். செத்த டிஸ்கின் பெயருக்குப் பக்கத்தில் ‘எஃப்’ என்று ஒரு எழுத்தும் நிற்கும்.

இதைத் தினமும் யார் பார்ப்பது? அமைப்புக் கோப்பில் மெயில்ஆட்டர் என்ற வரியில் முகவரியைக் கொடுத்தால் எம்டிஏடிஎம் மெயில் அனுப்பும். அந்த வரியின் பெயர், எம் ஏ ஐ எல் ஏ டி டி ஆர், முழுக்கப் பெரிய எழுத்து. கொடுத்த பிறகு சோதிக்காமல் விடாதீர்கள்:

எம்டிஏடிஎம் --மானிட்டர் --ஸ்கேன் --ஒன்ஷாட் --டெஸ்ட்

மெயில் உங்கள் கைபேசிக்கு வந்து சேர்ந்தால்தான் வேலை முடிந்தது. ஒரு இடத்தில் நான் போய்ப் பார்த்தபோது மிரர் ஐந்து மாதமாக ஒற்றை டிஸ்கில் ஓடிக்கொண்டிருந்தது. மெயில் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது, அதே சர்வரில் ரூட்டின் உள்பெட்டிக்கு. அதை யார் திறப்பது?

டிஸ்க் போய்விட்டது. படிப்படியாகச் சொல்லுங்கள்.

பதறாதீர்கள். முதல் வேலை பேக்கப். இப்போது உங்களிடம் இருப்பது ஒரே பிரதி. அடுத்த சில மணி நேரம் அந்த டிஸ்க் முழுவதும் படிக்கப்படப்போகிறது. இத்தனை வருடம் தொடாத மூலைகளையெல்லாம் அப்போதுதான் தொடும்.

செத்தது எஸ்டிசி என்று வைத்துக்கொண்டு:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஃபெயில் /டெவ்/எஸ்டிசி1
எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ரிமூவ் /டெவ்/எஸ்டிசி1

டிஸ்க் ஒரேயடியாகக் காணாமல் போய் எஸ்டிசி1 என்ற பெயரே இல்லை என்றால், பெயருக்குப் பதில் ‘டிடாச்ட்’ என்ற சொல்லைப் போடுங்கள்.

இப்போது ஸ்டிக்கர். ஸ்மார்ட்சிடிஎல் -ஐ மூலம் உயிரோடு இருப்பதன் வரிசை எண்ணைப் படியுங்கள். செத்ததைத் தேடாதீர்கள், அது பதில் சொல்லாமலும் போகலாம். உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்து அதன் மேல் கை வைக்காமல் இருந்தால் போதும். கழற்றி மாட்டும் வசதி கேபினெட்டில் இல்லையென்றால் சர்வரை அணைத்துவிட்டே மாற்றுங்கள்.

புது டிஸ்குக்குப் பார்ட்டிஷன் அட்டவணையைப் பிரதி எடுக்க எஸ்ஜிடிஸ்க் இருக்கிறது. இங்கே ஒரு குழி. உயிரோடு இருப்பது எஸ்டிபி, புதிது எஸ்டிசி என்றால்:

எஸ்ஜிடிஸ்க் -ஆர் /டெவ்/எஸ்டிசி /டெவ்/எஸ்டிபி

ஆர் பெரிய எழுத்து. முதலில் வருவது பெறும் டிஸ்க், இரண்டாவது கொடுக்கும் டிஸ்க். காப்பி செய்யும் கட்டளைகளில் கை பழகியவர்கள் தலைகீழாகப் போட்டு, காலி அட்டவணையை நல்ல டிஸ்கின் மேல் எழுதிவிடுவார்கள். என்டருக்கு முன் வாய்விட்டுப் படியுங்கள்: “எஸ்டிசிக்கு, எஸ்டிபியிலிருந்து.” அடுத்து எஸ்ஜிடிஸ்க் -ஜி /டெவ்/எஸ்டிசி, ஜியும் பெரிய எழுத்து. இரண்டு டிஸ்குக்கும் ஒரே அடையாள எண் இருந்து குழம்பாமல் இருக்க இது. கடைசியாக:

எம்டிஏடிஎம் /டெவ்/எம்டி0 --ஆட் /டெவ்/எஸ்டிசி1

புது டிஸ்கின் நான்கு எழுத்தை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

டிஸ்கை மிரர் வெளியே தள்ளிவிட்டது, ஆனால் சோதித்தால் டிஸ்க் நன்றாகவே இருக்கிறது. ஏன்?

முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். சாட்டா கேபிள் லேசாகத் தளர்ந்தாலே போதும். கேபிளை மாற்றிவிட்டு --ரீ-ஆட் என்று கொடுங்கள். பிட்மேப் இருந்தால் இடையில் மாறிய பகுதிகள் மட்டும் பிரதியாகி, பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும்.

கேபிள் சரியென்றால் அடுத்த ஆள் காலக்கெடு. மேசைக் கணினிக்கென்று விற்கும் டிஸ்குகள் ஒரு கெட்ட செக்டாரைப் படிக்க நிமிடக் கணக்கில் முக்கும். லினக்ஸ் கெர்னலின் பொறுமை இயல்பில் 30 விநாடி. அதற்குமேல் பதில் இல்லையென்றால் தொடர்பை ரீசெட் செய்யும், அந்தக் களேபரத்தில் நல்ல டிஸ்க் வெளியே தள்ளப்படும். ‘ஸ்மார்ட்சிடிஎல் -எல் எஸ்சிடிஇஆர்சி,70,70 /டெவ்/எஸ்டிபி’ என்றால் ஏழு விநாடிக்குள் முடியாவிட்டால் கைவிட்டுவிடு என்று டிஸ்குக்குச் சொல்கிறோம். டிஸ்க் கைவிட்டால் எம்டி மற்ற டிஸ்கிலிருந்து படித்து, கெட்ட செக்டாரின் மேல் திரும்ப எழுதிக்கொள்ளும். கரன்ட் போனால் இந்த அமைப்பு மறந்துவிடும், பூட் ஆகும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். அந்த வசதியே இல்லாத டிஸ்க் என்றால் மறுபக்கத்தைச் சரி செய்யுங்கள்: /சிஸ்/பிளாக்/எஸ்டிபி/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 என்று எழுதுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு ராத்திரி சர்வர் படுத்துகிறது. யாராவது உள்ளே புகுந்துவிட்டார்களா?

டெபியன் குடும்பத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு மிரர் முழுவதையும் படித்து ஒப்பிடும் சோதனை தானாக ஓடும். நிறுத்தாதீர்கள். நேரம் ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக ஓட்ட வேண்டுமென்றால் /சிஸ்/பிளாக்/எம்டி0/எம்டி/சிங்க்_ஆக்ஷன் கோப்பில் ‘செக்’ என்று எழுதினால் போதும். முடிந்ததும் பக்கத்திலேயே இருக்கும் மிஸ்மேட்ச்_சிஎன்டி கோப்பில் எத்தனை செக்டார் ஒத்துப்போகவில்லை என்ற எண் இருக்கும்.

பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. அந்த மிரரில் ஸ்வாப் (மெமரி போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) இருந்தால் கொஞ்சம் எண் வருவது சகஜம், பயம் வேண்டாம். வேறு இடத்தில் வந்தால் மெமரியையும் கேபிளையும் சோதியுங்கள். ‘ரிப்பேர்’ என்று எழுதினால் சரியாகிவிடுமே என்று கேட்பார்கள். எண் பூஜ்யமாகும், உண்மைதான். ஆனால் எது சரி என்று பார்க்காமல் ஒரு பிரதியை எடுத்து மற்றதன் மேல் எழுதியிருக்கும். நல்லதன் மேல் கெட்டது ஏறியிருந்தாலும் பூஜ்யம் பூஜ்யம்தான்.

இரண்டு டிஸ்க் இருப்பதால் வேகம் இரட்டிப்பாகுமா?

எழுதுவது ஆகாது, இரண்டில் மெதுவானது முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். படிப்பதில், ஒரே ஆள் ஒரே பெரிய கோப்பைப் படித்தால் ஒரு டிஸ்கின் வேகம்தான். இரண்டு பேர் இரண்டு கோப்பைப் படிக்கும்போது ஆளுக்கு ஒரு டிஸ்க் கிடைக்கும்.

எஸ்எஸ்டி ஒன்று, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று என்று ஜோடி சேர்ப்பவர்கள், ஹார்ட் டிஸ்கைச் சேர்க்கும்போது --ரைட்-மோஸ்ட்லி கொடுங்கள். படிப்பதெல்லாம் எஸ்எஸ்டியிலிருந்து நடக்கும்.

பெரிய டிஸ்குக்கு மாற வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பெரியதைப் போட்டு, பெரிய பார்ட்டிஷனோடு சேர்த்துவிடுங்கள். இரண்டும் முடிந்த பிறகு எம்டிஏடிஎம் --குரோ /டெவ்/எம்டி0 --சைஸ்=மேக்ஸ், அப்புறம் ரீசைஸ்2எஃப்எஸ் /டெவ்/எம்டி0. மவுன்ட் ஆகியிருக்கும்போதே நடக்கும். எக்ஸ்எஃப்எஸ் என்றால் எக்ஸ்எஃப்எஸ்_குரோஎஃப்எஸ்.

மிரரின் ஒரு டிஸ்கை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்க்கலாமா?

மவுன்ட் செய்யாமல் --எக்சாமின் மட்டும் போட்டால் பரவாயில்லை. மவுன்ட் செய்தீர்கள் என்றால் அந்தப் பிரதி தன் வழியில் மாறத் தொடங்கிவிடும். வீட்டுக்கு எடுத்துப் போய் நாலு ஃபைல் எழுதிவிட்டு வந்து மாட்டினால், இரண்டு டிஸ்கும் “நான்தான் அசல்” என்று நிற்கும். அப்போது எதை வைத்துக்கொள்வது என்று நீங்கள் முடிவு செய்து, மற்றதன் அடையாளத்தை --ஜீரோ-சூப்பர்பிளாக் மூலம் அழித்துவிட்டுப் புது டிஸ்க் போலச் சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் நிஜ டிஸ்கில் செய்யக் கை நடுங்குகிறது. பழகிப் பார்க்க வழி உண்டா?

இருக்கிறது, ஒரு ரூபாய் செலவில்லாமல். சோதனைக்கென்று ஒரு பழைய லேப்டாப்பில் இரண்டு வெறும் கோப்புகளையே டிஸ்க் என்று நம்பவைக்கலாம்.

ட்ரன்கேட் -எஸ் 1ஜி அ.ஐஎம்ஜி
ட்ரன்கேட் -எஸ் 1ஜி ஆ.ஐஎம்ஜி
லோசெட்டப் -எஃப் --ஷோ அ.ஐஎம்ஜி
லோசெட்டப் -எஃப் --ஷோ ஆ.ஐஎம்ஜி

1ஜியில் ஜி பெரிய எழுத்து. கோப்பின் பெயர் அ, ஆ என்று தமிழிலேயே இருக்கலாம், லினக்ஸுக்கு ஆட்சேபணை இல்லை. கடைசி இரண்டு வரிகள் லூப்0, லூப்1 என்பது போலப் பெயர் தரும். ஸ்னாப் என்ற செயலிப் பொதிகள் உள்ள உபுன்டுவில் எண் பெரிதாக வரும், வந்ததை வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டையும் கொண்டு எம்டி9 என்று ஒரு மிரர் உருவாக்கி, ஃபைல் சிஸ்டம் போட்டு, நாலு படத்தை உள்ளே தள்ளுங்கள். ஒரு டெர்மினலில் ‘வாட்ச் கேட் /ப்ராக்/எம்டிஸ்டாட்’ ஓடட்டும். இன்னொன்றில் ஒரு லூப்பை --ஃபெயில் செய்யுங்கள். ஒரு யூ கோடாக மாறுவதும் படங்கள் அப்படியே திறப்பதும் கண்ணெதிரே தெரியும். ரிமூவ் செய்து, ஜீரோ-சூப்பர்பிளாக் போட்டு, திரும்ப ஆட் செய்யுங்கள். 1 ஜிபிதானே, சீக்கிரம் முடிந்துவிடும்.

நான் ஒரு இடத்தில் சர்வரை ஒப்படைப்பதற்கு முன், அங்கே பொறுப்பில் இருப்பவர் இதை மூன்று முறை என் முன்னால் செய்து காட்ட வேண்டும். மூன்றாவது முறை நான் பேசாமல் வெளியே போய்விடுவேன்.

முடிந்ததும் யுமவுன்ட் செய்து, எம்டிஏடிஎம் --ஸ்டாப் /டெவ்/எம்டி9, பிறகு இரண்டு லூப்புக்கும் லோசெட்டப் -டி. ‘டி’ மறுபடியும் டெல்லிக்கு வரும் டி.